பீரோவில் வைத்த கார்டு

இர்பித், ஜோர்டான்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயப்பிரியா எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அத்தைக்குச் சர்க்கரை குறைந்ததா? கனிஷ்கா தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாளா?

வாரத்துக்கு ரெண்டு தடவை போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நாம் பேசுவது ஒரு பேச்சா? நான் அலோ என்றதும் அத்தை, "ஸ்பீக்கர்ல போடு சாமி, எனக்குங் கேக்கட்டும்" என்கிறார்கள். இந்தப் பக்கம் எங்கள் அறையில் எட்டுப் பேர் படுத்திருக்கிறோம். சாப்டியா, சாப்ட்டேன், சரி வெச்சிருட்டுமா, அதோடு முடிந்தது. கல்யாணமாகிப் பத்து வருசம் ஆன புருசன் பெண்டாட்டி பேச வேண்டியது அதுதானா? எழுதி போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றால், போன் எப்போதும் உங்கள் மகள் கையில். எழுத்துக்கூட்டி, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி படித்துவிடுவாள். அதனால் தபாலில் பட்டறை விலாசத்துக்கே போடுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

இங்கே குளிர் பல்லைக் கிட்டிக்க வைக்கிறது. அமெரிக்காவுக்குப் போகிற ஜாக்கெட் தைக்கிறோம். போன மாசத்திலிருந்து என்னை மிசினிலிருந்து எழுப்பி லைன் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஈரோட்டில் ஓவர்லாக் அடித்துக்கொண்டிருந்தவள் இன்றைக்கு முப்பது பேருக்கு வேலை சொல்கிறேன். பங்களாதேஷ்காரி ரெஹானாவும் நானும்தான் கூட்டு. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது, ஆனால் சண்டை வராமல் ஓடுகிறது.

புதுத் தறி நாலும் நன்றாக ஓடுகிறதா? அடுத்தவன் பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டியது உங்களோடு முடிந்தது மாமா. நான் வரும்போது நாலு எட்டாக இருக்க வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

இன்சூரன்ஸுக்குப் பாஸ்போர்ட் நகல் கேட்டிருந்தீர்கள். அது கம்பெனி ஆபீசில் இருக்கிறது. கேட்டு வாங்கி அனுப்புகிறேன்.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஜெயா

பள்ளிபாளையம்
9 மார்ச் 2024

அன்புள்ள ஜெயாவுக்கு,

குமரகுரு எழுதுவது. இங்கே நான், அம்மா, பாப்பா மூவரும் சௌக்கியம். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். உனக்குக் காதில் காற்றுப் போனால் தலைவலி வரும்.

பிளஸ் டூ பரீட்சைக்கு அப்புறம் இவ்வளவு நீளமாக இப்போதுதான் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் சிரிக்காதே.

தறி நாலும் ரெண்டு ஷிப்டும் ஓடுகிறது. ரயான் துணிக்கு நல்ல கேட்பு. ஆள்தான் பெரும்பாடாக இருந்தது. நம் ஊர்ப் பையன்கள் ஒருத்தனும் தறிச் சத்தத்துக்குள் வரமாட்டேன் என்கிறான். கடைசியில் ஏஜெண்டு மூலமாக ஒடிசாவிலிருந்து ஒருத்தன் கிடைத்தான். பெயர் சுதாம். பொலாங்கீர் பக்கம். அவன் அப்பாவும் கைத்தறிக்காரராம், அதனால் நூல் அறுந்தால் கை தானாகப் போகிறது. உன் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கி வந்து கொடுத்தவனும் அவன்தான். பட்டறைக்குப் பின்னால் இருக்கிற அறையில் தங்க வைத்திருக்கிறேன்.

அட்வான்ஸ் கேட்டான், கொடுத்தேன். பக்கத்துப் பட்டறை தனசேகர் அண்ணன் சொன்னபடி அவன் ஆதாரையும் பேங்க் கார்டையும் வாங்கி நம் பீரோவில் அம்மா சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். "அட்வான்ஸ் குடுத்துப்போட்டு கார்டை வாங்காம உட்டயின்னா, விடிஞ்சா தறி இருக்கும், ஆள் இருக்கமாட்டான் தம்பி" என்றார் அண்ணன். இங்கே எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். சம்பளத்தை நானே என் போனிலிருந்து அவன் வீட்டுக்குப் போட்டுவிடுகிறேன்.

உன் பணம் உள்ளே வருகிறது, அவன் பணம் வெளியே போகிறது. அம்மா நேற்றுக் கேட்கிறது: "இங்கத்தவ அங்க போறா, அங்கத்தவன் இங்க வாரான். அவனவன் ஊர்லயே இருந்திருந்தா ரயிலுக்குப் போற காசாச்சும் மிச்சமாயிருக்குமல்ல?" டிவியில் நாடு வளர்கிறது என்று படம் போட்டுக் காட்டுகிறவர்கள் இங்கே வந்து அம்மாவுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பாஸ்போர்ட் நகல் மறந்துவிடாதே.

இப்படிக்கு
குமரகுரு

இர்பித்
7 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயா. நான் நலம், உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ரெஹானாவிடம் காட்டினேன், அவள்தான் சிரித்தாள்.

சுதாம் கிடைத்தது நல்லது. சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான்? அவர்களுக்குப் பழைய சோறு பிடிக்குமாம், இங்கே ஒரு ஒடிசாப் பெண் சொன்னாள். அத்தை மிச்சத்தைக் கொட்டாமல் கொடுக்கட்டும்.

கார்டை ஏன் மாமா நீங்கள் வைத்திருக்கிறீர்கள்? அவன் ஒரு நாள் வேண்டும் என்றால் கொடுத்துவிடுவீர்கள்தானே?

ஒரு காரியம். எங்கள் அம்மாவுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மாதையன் அண்ணன் சொன்னான். அம்மாவிடம் கேட்டால், "எனக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கறேன்" என்கிறாள். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். ஜலகண்டாபுரம் வரை ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளதை எழுதுங்கள்.

நகல் இன்னும் கிடைக்கவில்லை. ஆபீசில் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள்.

கனிஷ்காவுக்கு முத்தம். அத்தைக்கு என் நமஸ்காரம்.

ஜெயா

பள்ளிபாளையம்
5 மே 2024

அன்புள்ள ஜெயா,

இங்கே அனைவரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. உன் சுகத்தை எழுது.

ஜலகண்டாபுரம் போய் வந்தேன். உள்ளதை எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். அத்தைக்குக் கால் வீங்கியிருக்கிறது. மச்சானும் நானும் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இருதயம் பலவீனமாகி நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "மாப்ள, ஜெயா எப்பொ வாராளாம்?" என்று ரெண்டு தரம் கேட்டது.

பத்து நாள் லீவு கேட்டு வந்து பார்த்துவிட்டுப் போ. டிக்கெட் செலவை யோசிக்காதே. தறியில் ஏற்றிய இந்தப் பாவு நெய்து இறங்கியதும் துணிக் காசு வரும், போட்டுவிடுகிறேன். நீ வந்தால் அத்தை எழுந்து உட்கார்ந்துவிடும், நிச்சயம்.

உடனே பதில் போடு.

குமரகுரு

பள்ளிபாளையம்
16 ஜூன் 2024

அன்புள்ள ஜெயாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அத்தையின் காரியமெல்லாம் முறைப்படி முடிந்தது. கருமாதிக்கு நம் சனம் எல்லாரும் வந்திருந்தார்கள். உன் அண்ணன் மொட்டை போட்டிருக்கிறான், பார்க்கவே பாவமாக இருக்கிறது. கனிஷ்கா அழுதுகொண்டே இருந்தாள். அம்மாதான் மடியில் போட்டுத் தூங்க வைத்தது.

அன்றைக்குப் போனில் நீ ஒரு வார்த்தைதான் சொன்னாய். "லீவு இல்லீங்க மாமா." உடனே வைத்துவிட்டாய். முதலில் கேட்டபோதும் லீவு இல்லை, அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் லீவு இல்லை, இப்போதும் லீவு இல்லை. சாவுக்கு லீவு கொடுக்காத கம்பெனி உலகத்தில் உண்டா? சம்பளத்தைப் பிடித்தால் பிடிக்கட்டும் என்று வந்திருக்கலாமே. டிக்கெட் நான் போடுகிறேன் என்றுதானே சொன்னேன்.

கோபமாக எழுதவில்லை. பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் என் காதுபடப் பேசினார்கள். "பெத்தவ செத்ததுக்குங்கூட வராத காசு என்ன காசு?" என்று உன் பெரியம்மா கேட்டது. என்னால் நிமிர முடியவில்லை. நான்தான் உன்னை அனுப்பி வைத்துத் தின்கிறேன் என்று பார்க்கிறார்கள்.

ஏன் வரவில்லை ஜெயா? எனக்காவது சொல்.

குமரகுரு

இர்பித்
21 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து ரெண்டு வாரம் ஆகிறது. ஆர்டர் நேரம், லீவு கிடைக்கவில்லை. அவ்வளவுதான். அம்மாவைப் பற்றி எழுதக் கை வரவில்லை, கேட்காதீர்கள்.

கனிஷ்காவுக்குப் புத்தகம் எல்லாம் வாங்கியாயிற்றா? கணக்கு டியூசனுக்கு விடுங்கள். பட்டறையில் கூரைக்கு அடியில் எக்ஸாஸ்ட் பேன் போடச் சொன்னேனே, போட்டீர்களா? அந்தப் பஞ்சுத் தூசியெல்லாம் உங்கள் நெஞ்சுக்குள்தான் போகிறது. சுதாம் நெஞ்சுக்குள்ளும்தான். தீபாவளி ஆர்டர் எடுத்தால் மெதுவாகப் பார்த்து எடுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ராத்திரி பகலாக நிற்காதீர்கள்.

பணம் போட்டிருக்கிறேன்.

ஜெயா

பள்ளிபாளையம்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஜெயா,

சுகம். உன் சுகத்துக்கு வேண்டுகிறோம். அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் சளி. ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போனது, ஒருத்தரையும் இறங்க விடவில்லை. அம்மா குழாய்த் தண்ணீரில் தலை முழுகிவிட்டு, "இதுவுங் காவேரித் தண்ணிதானே" என்று சொல்லிச் சளி பிடித்துக்கொண்டது.

பேன் போட்டுவிட்டேன். நீ சொன்னதைச் செய்கிறவன்தான் நான்.

தீபாவளி ஆர்டர் பெரிதாக வந்திருக்கிறது. ஈரோட்டு வியாபாரி நேரே பட்டறைக்கு வந்து, நம் துணியைத் தொட்டுப் பார்த்து, ஐப்பசிக்குள் முழுதும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதைக் கொடுத்துவிட்டால் அவர் இனி நம்மைத் தவிர வேறு ஆளிடம் போகமாட்டார். பொங்கலுக்கு அப்புறம் இன்னும் ரெண்டு தறி இறக்கலாம்.

இந்த நேரம் பார்த்து சுதாம் ஊருக்குப் போகிறேன் என்று நிற்கிறான். பெண்டாட்டிக்குப் பிரசவமாம், ஐப்பசியில். முதல் குழந்தை பிறந்த அன்றைக்கே இறந்துவிட்டதாம். இவன் அப்போது சூரத்தில் ஒரு மில்லில் இருந்தானாம், போகவில்லையாம். "அண்ணா, பொண்டாட்டி பயப்படுது, ஒரு மாசம் மட்டும்" என்கிறான். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் போனால் வருவானா? அட்வான்ஸ் பாதிகூடக் கழியவில்லை. தனசேகர் அண்ணனிடம் கேட்டேன். "எல்லாவனுக்கும் தீபாவளியப்பத்தான் பொண்டாட்டிக்குப் பிரசவம் வரும். நீ பேசாம இரு. கார்டு உன்ற ஊட்ல இருக்கற வரைக்கும் எங்க போயிருவான்?" என்றார்.

தீபாவளி முடியட்டும், அப்புறம் போ என்று சொல்லிவிட்டேன். தறிக்குப் போய்விட்டான். வேலையில் குறை இல்லை. அம்மா கொடுக்கிற சோற்றைத்தான் ரெண்டு நாளாக வாங்குவதில்லை.

எல்லாம் நம் நல்லதுக்குத்தான் ஜெயா. நீ அங்கே கஷ்டப்படுவது வீண்போகக் கூடாது.

குமரகுரு

இர்பித்
6 செப்டம்பர் 2024

மாமா,

சுதாம் பெண்டாட்டி எப்படி இருக்கிறாள்? கேட்டீர்களா? அவள் பெயர் என்ன என்றாவது தெரியுமா?

இதைத் தபாலில் போடவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகிற குமாரபாளையத்துக் காளியாத்தாள் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரே பட்டறைக்கு வந்து உங்கள் கையில் கொடுப்பாள். போனில் சொல்லலாம். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் நடுவிலேயே பதில் சொல்லிவிடுவீர்கள். காகிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே, சொல்கிறேன். எனக்கு லீவு கொடுத்தார்கள். டிக்கெட் எடுக்கவும் என்னிடம் பணம் இருந்தது. பாஸ்போர்ட் இல்லை. இங்கே வந்து இறங்கிய அன்றைக்கே வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்தவர்கள்தான், இன்று வரை என் கண்ணில் காட்டவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது போய்க் கேட்டேன். போனால் திரும்பி வரமாட்டாய், உன்னைக் கூட்டி வந்த செலவை யார் கொடுப்பது என்றார்கள். அம்மா போன அன்றைக்குப் போய் ஆபீஸ்காரர் காலைப் பிடித்தேன். ஆமாம், காலைத்தான். குனிந்து பிடித்தேன். அவர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

மாதையன் அண்ணன் வீடியோவில் அம்மா முகத்தைக் காட்டினான். நெட்வொர்க் நின்று நின்று வந்தது. அம்மாவை எடுக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் வேலையை விட்டுவிட்டு வா என்பீர்கள். தறிக் கடன் பாதியில் நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஊர் என்னைப் பேசினால் பேசட்டும், உங்களைப் பேசினதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆபீஸ்காரர் கெட்டவர் இல்லை மாமா. அவருக்கும் ரெண்டு பிள்ளைகள், போட்டோ மேசையில் இருக்கிறது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இங்கே எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான்." மார்ச் மாசத்தில் நீங்கள் எழுதிய வார்த்தை. உங்கள் கடிதத்தை எடுத்து அவர் பேச்சோடு ஒட்ட வைத்துப் பார்த்தேன்.

நான் இங்கே எங்கள் லைனில் இருக்கிற பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாஸ்போர்ட்டைக் கேட்கப் போகிறேன். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்? என் வீட்டுப் பீரோவில் ஒருத்தன் கார்டு இருக்கிறது. அதுவும் நான் அனுப்பிய காசில் வாங்கிய தறிக்காக.

சுதாமை அனுப்புங்கள். கார்டையும் ஆதாரையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஆர்டர் போனால் போகிறது. அவன் திரும்பி வராவிட்டாலும் சரி. அவன் ரயில் ஏறுகிற வரைக்கும் நான் ஒரு ரூபாய் அனுப்பமாட்டேன், போனும் எடுக்கமாட்டேன். தறித் தவணைக்கு என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது. இது கோபம் இல்லை. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஜெயப்பிரியா

பள்ளிபாளையம்
20 அக்டோபர் 2024

அன்புள்ள ஜெயாவுக்கு,

நாங்கள் சுகம். சுதாம் பெண்டாட்டி பெயர் மினதி. அவளும் சுகம். வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்திருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன். புருசனுக்கே கெடு வைக்கிறாளா என்று நாலு நாள் பொருமிக்கொண்டே இருந்தேன். நீ போனை எடுக்கவில்லை. சம்பளத் தேதி வந்தது, பணம் வரவில்லை. அம்மா, "என்னடா அவளுக்கு, மேலுக்கு முடியலையா?" என்று நச்சரித்தது. கடைசியில் உட்கார வைத்து, நீ எழுதியதைப் படித்தே காட்டினேன். காலைப் பிடித்த இடம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியையும் படித்தேன். அம்மா வாங்கிப் பார்த்தது. அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே, சும்மா பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து, தன் சேலைக்கு அடியிலிருந்து கார்டை எடுத்து என் முன்னால் போட்டது. "இத்தன நாளா இது மேலயா என்ற சீலைய மடிச்சு வெச்சேன்? கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வா" என்றது.

பட்டறைக்குப் போய் நீட்டினால், சுதாம் வாங்கமாட்டேன் என்கிறான். வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டான். "அண்ணா, தப்பு என்ன? நான் சாப்பிடுது, நான் சாப்பிடுது" என்கிறான். சோற்றை வாங்காததற்குத்தான் கோபம் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. என்னால் அந்த இடத்தில் நிற்கவே முடியவில்லை. புரிய வைப்பதற்குள் வியர்த்துவிட்டது. மீதி அட்வான்ஸ் என்ன என்று கேட்டான். வந்தால் பார்த்துக்கலாம், வராட்டிப் போகுது என்றேன். அதைச் சொல்லச் சுலபமாக இல்லை ஜெயா. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அம்மா அவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. "புள்ளத்தாச்சி ஊட்டுக்குப் போறான்" என்று கருப்பட்டியும் நல்லெண்ணெயும், பழைய வேட்டி கிழித்துத் துவைத்த துணியும் மூட்டை கட்டிக் கொடுத்தது. ஈரோடு ஜங்ஷனில், பொலாங்கீர் வழியாகப் போகிற தன்பாத் வண்டி ஏற்றிவிட்டேன். பொதுப் பெட்டியில் கால் வைக்க இடம் இல்லை. கதவு ஓரத்தில் நின்றுகொண்டு சட்டைப் பையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போனான்.

இப்போது தறியில் நான் நிற்கிறேன். முட்டி போகிற போக்கைக் கேட்காதே. ஆர்டரில் பாதிதான் கொடுக்க முடியும் என்று ஈரோட்டு வியாபாரியிடம் சொன்னேன். மீதியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். கூடுதல் தறி இந்த வருசம் இல்லை. தவணைக்கு என் மோதிரம் போயிருக்கிறது.

இன்னொன்று. சுதாம் கையில் கார்டு கொடுத்தது ஒரே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தனசேகர் அண்ணன் பட்டறையில் ரெண்டு பேர் போய் எங்க கார்டு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "பொண்டாட்டி பேச்சக் கேட்டு ஊர்த் தொழிலயே கெடுத்துப்போட்டயே" என்று நடுத்தெருவில் கத்தினார். "நெசந்தானுங்கண்ணா, பொண்டாட்டி பேச்சத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

ஜலகண்டாபுரம் போய் மச்சானிடமும் உன் பெரியம்மாவிடமும் நடந்ததைச் சொன்னேன். பெரியம்மா அழுதது.

உன் பாஸ்போர்ட் என்ன ஆச்சு? நான் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கட்டுமா? வேலையை விட்டுவிட்டு வந்துவிடு ஜெயா. நான் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன்.

குமரகுரு

இர்பித்
1 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முட்டிக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்லுங்கள். மூட்டை கட்டிக் கொடுத்தது போக வீட்டில் மிச்சம் இருந்தால். அத்தைக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேரில் வந்துதான் சொல்ல வேண்டும். மினதிக்கும் குழந்தைக்கும் என் பெயரைச் சொல்லி நல்லாயிருக்கச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் என் கையில் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே ரெஹானாவிடம் சொன்னேன். அறை அறையாகப் போய்ப் பேசினோம். பாதிப் பேர் பயந்தார்கள். வீட்டில் அடுப்பு எரியாதே என்றார்கள். எங்கள் வீட்டிலும் ரெண்டு மாசம் என் காசு போகவில்லை, அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது என்றேன். ஜாக்கெட் வாங்குகிற வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்கள் பார்வையிட வருகிற காலையில், எல்லாரும் மிசினுக்கு முன்னால் உட்கார்ந்தோம், சுவிட்சைப் போடவில்லை. அவ்வளவுதான் செய்தோம். கத்தவில்லை, கோஷம் போடவில்லை. மேனேஜர் வந்து என்ன வேண்டும் என்றார். நான் எழுந்து சொன்னேன். எங்கள் பாஸ்போர்ட் எங்கள் கையில் வேண்டும் என்று.

அன்றைக்கே கொடுத்துவிடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தார்கள். நாங்களும் ஓவர்டைம் பார்க்காமல் இழுத்தோம். போன வாரம் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். என்னை லைனிலிருந்து எடுத்துத் திரும்ப மிசினில் உட்கார வைத்துவிட்டார்கள். சம்பளம் குறையும். குறையட்டும், ஓவர்லாக் எனக்கு மறந்தா போய்விட்டது?

வந்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் பெட்டி கட்டத்தான் தோன்றியது. ஆனால் வரமாட்டேன் மாமா. மே மாசம் ஒப்பந்தம் முடிகிறது. அதுவரை இருந்து சம்பாதித்துத் தறிக் கடனை முடித்துவிட்டுத்தான் வருவேன். இதுவரை அவர்கள் வைத்திருந்ததால் இங்கே இருந்தேன். இனி நான் இருக்க நினைப்பதால் இருக்கிறேன்.

இந்த மாசப் பணம் போட்டிருக்கிறேன். முதலில் மோதிரத்தை மீட்டுக்கொள்ளுங்கள். வெறும் விரலோடு உங்களைப் பார்த்தால் எனக்கு ஆகாது. சுதாம் வந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், கூலியைக் கூட்டிக் கொடுங்கள். அவன் வராவிட்டால் வேறு ஆள் வருவான், அவனுக்கும் அதே கூலிதான். தனசேகர் அண்ணன் எத்தனை நாளைக்குப் பேசாமல் இருப்பார்? ஆள் கிடைக்காவிட்டால் அவராகவே வந்து, எவ்வளவு கூலி குடுக்கற தம்பி என்று கேட்பார். சொல்லிக் கொடுங்கள்.

அம்மாவுக்கு ஜூனில் வருசத் திதி வருகிறது. மாதையன் அண்ணனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அன்றைக்கு அம்மாவுக்குச் சமைப்பதும் இலை போடுவதும் நான்தான். வேறு யாரும் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம்.

உங்கள்
ஜெயா